அச்சுக்கூடத்துப் பிழையும் பெட்டிக்குள் வந்த பழுதும்



நாணயத்தாளைப் பற்றிப் பேசப் பள்ளிக்கூட அதிபர் ஒருவருக்கு என்ன தகுதி உண்டு என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். எண்ணுவது நியாயமே. மாதச் சம்பளத்தை எண்ணி வாங்குவதற்கு மேல் காசோடு எனக்குப் பெரும் பழக்கம் இருந்ததில்லை. எனினும் வரலாறு கற்பிப்பவன் என்ற முறையில், ஒரு பழைய தாளைக் கையில் எடுத்தால் அதிலுள்ள குறை எங்கே, எப்போது உண்டாயிற்று என்று கேளாதிருக்க என்னால் இயலுவதில்லை. அச்சுக்கூடத்திலேயே நேர்ந்த பிழையா, அன்றி மனிதர் கைக்கு வந்தபின் நேர்ந்த பழுதா என்ற அந்தக் கேள்வியே இன்றைய பேச்சின் பொருள். அதை நான் ஒரு தவற்றின் மூலமே கற்றுக்கொண்டேன். முதலில் அத்தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் நெடுந்தீவிலே நான் இளம் ஆசிரியனாக இருந்தேன். அங்கே கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகளின் ஓரமாக மாலையில் நடப்பது என் வழக்கம். ஒருநாள் முதியவர் ஒருவர் என்னை மறித்து, இடுப்பிலே செருகியிருந்த பனையோலைக் கொட்டைப்பெட்டியைத் திறந்து, முத்திரையைவிடச் சற்றே பெரிய ஒரு தாள்துண்டை எடுத்து நீட்டினார். அதில் 3 சதம் என்று அச்சிடப்பட்டிருந்தது. மூன்று பக்கம் நேராகவும் ஒரு பக்கம் பல்லுப் பல்லாகவும் இருந்தது. “இதைப் பாரும் தம்பி, இது காசோ?” என்று கேட்டார். நான் கற்றவன் என்ற மிடுக்கோடு, “அப்பு, இது பாதியில் கிழிந்துபோன தாள், மற்றப் பாதி இல்லாமல் இதற்கு மதிப்பில்லை” என்றேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பு விரல்களைத் தளர்த்தினார். நெடுந்தீவுக் காற்றுக்குச் சொல்ல வேண்டுமா? தாள் வேலிக்கப்பால் போய்விட்டது.

சில ஆண்டுகளுக்குப் பின் கொழும்பிலே ஒரு சேகரிப்பாளரின் ஏட்டில் அதன் முழுவடிவத்தைக் கண்டபோதுதான் என் அறியாமை எனக்கு விளங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது சில்லறைக் காசுக்குத் தட்டுப்பாடு உண்டாகியது. அதனை ஈடுசெய்ய 10, 25, 50 சதங்களுக்கெல்லாம் இலங்கை அரசாங்கம் தாள் வெளியிட்டது. 1942 யூன் 1ஆம் திகதியிட்ட 5 சதத் தாள் அவற்றுள் விசித்திரமானது. அது 2 சதப் பகுதியும் 3 சதப் பகுதியும் இணைந்த ஒரே தாள். இரண்டுக்கும் நடுவே, முத்திரைகளைப் பிரிப்பதற்கு உள்ளதுபோலத் துளைவரிசை ஒன்று இருந்தது. வேண்டியபோது கிழித்து இரண்டாகவும் மூன்றாகவும் வழங்கலாம். ஆகவே அந்த முதியவர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாதுகாத்தது கிழிந்த காசன்று. கிழிப்பதற்கென்றே ஆக்கப்பட்டு, ஆக்கியவர் கருதியபடியே கிழிக்கப்பட்ட முழுமையான 3 சதம். தவறிக் கிழிந்த தாளின் விளிம்பு கோணலாக ஓடும். நார்கள் நீளமாகத் தொங்கும். துளைவரிசையில் பிரிந்த விளிம்போ ஒரே அளவான பற்களோடு நேராக நிற்கும். அந்த ஒரு பக்கத்தை நான் கவனித்துப் பார்த்திருந்தால் போதும். பார்த்தேன், கவனிக்கவில்லை.

வெட்டுப்பட்ட தாள்களெல்லாம் விபத்தில் வெட்டுப்பட்டவை அல்ல என்பதற்கு அயல்நாட்டிலும் சான்றுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலே ஒருபக்கம் மட்டும் அச்சிட்ட பெருந்தொகைத் தாள்களைத் தபாலில் அனுப்புவோர், களவுக்கு அஞ்சி அவற்றை நடுவே வெட்டி ஒரு பாதியை முன்னும் மறு பாதியைப் பின்னுமாக அனுப்பினர். ஒவ்வொரு பாதியிலும் தொடரிலக்கம் இருந்தமையால் பெறுபவர் இரண்டையும் பொருத்தி ஒட்டிக்கொள்வார். இன்று அத்தகைய தாள் கிடைத்தால் நடுவிலுள்ள ஒட்டு ஒரு குறையல்ல, அதன் பயணக்கதை.

இலங்கையிலே 1885இல் அரசாங்கம் தாட்காசு வெளியிட்டதும் ஒரு வீழ்ச்சியின் விளைவாகத்தான். அதற்குச் சற்று முன்னர் தனியார் வங்கிகளின் தாள்களே வழங்கின. கோப்பிச் செய்கையை நோய் அழித்தபோது, அதனை நம்பிக் கடன் கொடுத்திருந்த ஒரியண்டல் வங்கி 1884 மே மாதம் கதவை மூடியது. அதன் தாளை வைத்திருந்தவர்கள் கலங்கி நிற்க, தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் அத்தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று அறிவித்தார். அவ்வாண்டே சட்டம் பிறந்தது. 1885 தொடக்கம் அரசாங்கத்தின் தாள் வழங்கலாயிற்று. 1950 ஆகஸ்ட் 28இல் மத்திய வங்கி தொடங்கியபின் அப்பொறுப்பு அதன் கைக்கு மாறியது. 1951ஆம் ஆண்டுத் தாளில் ஆறாம் ஜோர்ஜ் மன்னர், அடுத்து எலிசபெத் மகாராணி, பின்னர் இலங்கைச் சின்னம், பண்டாரநாயக்கா, பராக்கிரமபாகு, 1979இல் பறவைகளும் விலங்குகளும் என முகங்கள் மாறிக்கொண்டே வந்தன.

இவையெல்லாம் எங்கள் தீவுகளுக்கும் வந்து சேர்ந்தன. வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களைச் சேர்ந்தோர் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்து உழைத்து, வியர்வையில் நனைந்த இடுப்புப் பட்டியிற் காசைக் கொண்டுவந்தனர். வள்ளத்திலே தெறித்த கடல்நீர் அதிற் பட்டது. வீட்டிலே அது றங்குப்பெட்டிக்குட் போயிற்று. 1970 ஒக்டோபரில் நிதி அமைச்சர் கலாநிதி என். எம். பெரேரா 50 ரூபா, 100 ரூபாத் தாள்களைச் செல்லாதவையாக்கிக் குறித்த நாளுக்குள் ஒப்படைக்கச் சொன்னபோது, ஒப்படைக்காமல் தவறியவை பெட்டிகளின் அடியிலேயே தங்கிவிட்டன. 1990இல் தீவுமக்கள் இடம்பெயர்ந்தபோது எத்தனையோ பெட்டிகள் பூட்டிய வீடுகளிலேயே கிடந்தன. திரும்பி வந்து திறந்தவர்கள் கண்டது கறையானையும் கறளையும்தான். ஆகையால் தீவுப்பகுதியில் அகப்படும் பழந்தாள்களில் குறையில்லாத தாள் அரிது. குறை இருப்பதாலேயே அதனை அச்சுப்பிழை என்று நம்புவோரும், நம்பவைத்து விற்போரும் பெருகியிருக்கின்றனர். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருவோர் பழந்தாளுக்குத் தரும் விலை அந்த நம்பிக்கைக்கு எண்ணெய் வார்க்கிறது.

இனி, ஒரு தாள் எவ்வாறு உருவாகிறது என்பதைச் சிறிது பார்ப்போம். இதனை விளங்கிக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும். நாணயத்தாளுக்குரிய கடதாசி மரக்கூழினால் ஆனதன்று, பருத்தி நாரினாலானது. நீர்வரி அடையாளம் கடதாசி உருவாகும்போதே அதன் உடலில் அமைந்துவிடும். முதலில் அப்பெருந்தாளின் இருபக்கத்திலும் மெல்லிய நிறக்கோடுகளாலான பின்னணி விழும். அது உலர்ந்தபின், ஆழமாகச் செதுக்கிய உருக்குத் தகட்டை மிகுந்த அழுத்தத்தோடு பதித்து உருவமும் பெரிய எழுத்துகளும் அடிப்பார்கள். விரலால் தடவினால் மேடாகத் தட்டுப்படுவது இந்த அச்சுத்தான். அதன்பின் தொடரிலக்கம். கடைசியாகக் கத்தி வந்து பெருந்தாளைத் தனித்தனித் தாள்களாக வெட்டும். கடதாசி, பின்னணி, உருவம், இலக்கம், வெட்டு என்பதே வரிசை. அச்சுப்பிழை எதுவாயினும் இந்த வரிசையின் ஏதோ ஒரு படியில் நிகழ்ந்திருக்கவேண்டும். அதற்கு முந்திய படிகள் பழுதின்றி இருக்கவேண்டும். பிந்திய படிகள் அப்பிழையின் மேலேயே விழுந்திருக்கவேண்டும். பிற்காலப் பழுதுக்கோ வரிசை தெரியாது. அது எல்லாப் படிகளையும் ஒருசேரத் தாக்கும்.

இவ்விதியை அமெரிக்க நாட்டு 20 டொலர்த் தாள் ஒன்று அழகாக விளக்குகிறது. 1996ஆம் ஆண்டுத் தொடரைச் சேர்ந்த அத்தாளிலே வாழைப்பழத்தில் ஒட்டும் டெல் மொன்டே நிறுவனத்தின் சிறு ஒட்டுத்துண்டு ஒன்று காணப்படுகிறது. ஒஹாயோ மாநிலத்தில் ஒரு மாணவர் கைக்கு அது வந்தது. யாரோ விளையாட்டாக ஒட்டியது என்று எறிந்துவிடலாம். ஆனால் திணைக்கள முத்திரையும் தொடரிலக்கமும் அந்த ஒட்டுத்துண்டின் மேலேயே ஓடுகின்றன. உருவம் அச்சான பின்னும் இலக்கம் அச்சாகு முன்னும் அது அச்சுக்கூடத்திலேயே ஒட்டியிருக்கவேண்டும் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? 2021 சனவரியில் அது 396,000 டொலருக்கு ஏலம் போயிற்று. இலக்கம் துண்டுக்கு அடியில் இருந்திருந்தால் அது 20 டொலருக்கு மேல் ஒரு சதமும் பெறாது.

வாழைப்பழம் என்றதும் எங்கள் மலாயன் பென்சனியர்களின் பெட்டிகள் நினைவுக்கு வருகின்றன. யப்பானியர் மலாயாவை ஆண்டபோது வெளியிட்ட 10 டொலர்த் தாளில் வாழைக்குலை வரையப்பட்டிருந்தமையால் அக்காசு முழுவதையுமே வாழைப்பழத் தாள் என்று சொல்வார்கள். யாழ்ப்பாணத்துப் பல வீடுகளில் அது இன்றும் உண்டு. அதிலே தொடரிலக்கம் இல்லையே, இலக்கம் விடுபட்ட அரிய பிழையாக்கும் என்று என்னிடம் கொண்டுவந்தோர் பலர். தொடக்கத்திலே இலக்கமிட்டு அச்சிட்ட யப்பானியர், பின்னர் எம் என்று தொடங்கும் எழுத்துகளை மட்டும் இட்டுக் கணக்கின்றி அடித்துத் தள்ளினர். இல்லாமை அங்கே பிழையன்று, வழமை. 1945இல் ஆங்கிலேயர் திரும்பியபோது அக்காசு வெறுந்தாளாயிற்று. ஆதலால் ஒன்றை இல்லை என்று சொல்லுமுன், அது இருக்கவேண்டிய தாளா என்று கேட்பது நல்லது.

அச்சுப்பிழைகள் அரிதாவதற்குக் காரணம் உண்டு. அச்சகத்தார் ஒவ்வொரு பெருந்தாளையும் சோதித்துப் பழுதானதை ஒதுக்கி, அதற்குப் பதில் வேறு தாளை வைப்பார்கள். இந்திய றிசேர்வ் வங்கி 2006 முதல் அவ்வாறான பதில் தாள்களில் நட்சத்திரக் குறி இட்டு வழங்கத் தொடங்கியது. இத்தனை கண்களுக்கும் தப்பி வெளிவந்த பிழைக்கே சேகரிப்போர் மதிப்பளிக்கின்றனர்.

அப்படித் தப்பி வருவனவற்றுள் எனக்கு மிக விருப்பமானது மடிப்புப் பிழை. பெருந்தாள் இயந்திரத்துட் புகுமுன் ஓரிடத்தில் சிறிதாக மடிந்து போய்விடுகிறது. அந்த மடிப்பின் மேலேயே அச்சு விழுகிறது. பின்னர் மடிப்பை விரித்தால், உருவத்தை ஊடறுத்து ஒரு வெள்ளைக் கோடு ஓடும். கோட்டின் இருபுறமும் உருவம் விலகி நிற்கும். தாளின் அளவும் அவ்வளவுக்குக் கூடிவிடும். பிற்காலத்தில் சட்டைப்பையில் மடித்த தாளிலும் வெள்ளைக் கோடு தோன்றும். ஆனால் அங்கே மை உதிர்ந்து நார் தெரிகிறதேயன்றி உருவம் விலகுவதில்லை. இரு பக்கத்துக் கோடுகளையும் மனத்தால் நீட்டிப் பார்த்தால் அவை சந்திக்கும். ஒரு கைவில்லையும் அடிமட்டமும் இருந்தால் பத்தாம் வகுப்பு மாணவனே இதனைத் தீர்த்துவிடுவான்.

வெட்டிலே பிழை நேர்ந்த தாளைப் பார்ப்பதும் அப்படித்தான். கத்தி விலகி வெட்டினால் ஒருபுறம் குறைந்த அளவுக்கு மறுபுறத்தில் அயல்தாளின் ஓரம் வந்து நிற்கும். தாளின் முழு அளவு மாறாது. ஒருபுறம் குறைந்து மறுபுறம் ஒன்றும் கூடாதிருந்தால், அது நைந்துபோன ஓரத்தை யாரோ அழகுபடுத்திய கத்தரிக்கோலின் வேலை.

ஒரு பக்கத்து உருவம் மறுபக்கத்தில் கண்ணாடியிற் கண்டதுபோல் இடம் வலமாக மாறித் தெரிவதும் உண்டு. தாள் ஏறாமல் இயந்திரம் ஒருமுறை சுழன்றால், தகட்டின் மை உருளையில் ஒட்டி அடுத்த தாளின் முதுகிற் பதியும். அத்தகைய பதிவு கோடு கோடாகத் தெளிவாயும் ஓரங்களுக்கு நேராயும் இருக்கும். தீவுகளின் ஈரக்காற்றில், பெட்டிக்குள் ஒன்றின்மேல் ஒன்றாக இறுகிக் கிடந்த தாள்களிலும் மை மாறி ஒட்டுவதுண்டு. அது மங்கலாய், சாய்ந்து, அடுக்கு எப்படிக் கிடந்ததோ அப்படியே காணப்படும்.

பழுதுகளைப் பற்றிச் சொல்லப் புகுந்தால் இரவாகிவிடும். இராமபாணப் பூச்சி மேற்பரப்பைச் சுரண்டி உண்ணும். கறையான் விளிம்பிலிருந்து உள்ளே வழி வெட்டும். குண்டூசி தன் கறளைத் தாளிலே வட்டமாக விட்டுச்செல்லும். இவற்றை எவரும் அச்சுப்பிழை என்று மயங்கமாட்டார். மயக்கம் நிறத்திலேதான் வருகிறது. வெயிலில் நெடுநாள் கிடந்த தாளிலே சில சாயங்கள் முன்பும் சில பின்புமாக வெளிறுகின்றன. பச்சையிலுள்ள மஞ்சள் போய்விட்டால் எஞ்சுவது நீலம். உடனே, நிறம் மாறி அச்சான தாள் என்று ஒரு பெயர் பிறந்துவிடுகிறது. கிணற்றுக்கு இடுகின்ற வெளிற்றும் தூளைக் கரைத்து வேண்டுமென்றே இந்த வேலையைச் செய்வோரும் உளர். அவர்கள் மறந்துவிடுகின்ற ஒன்றுண்டு. செதுக்குத் தகட்டின் அழுத்தத்தால் கடதாசியிலே உண்டான மேடுபள்ளத்தை எந்தத் தூளும் கரைப்பதில்லை. மாலைவெயிலைப் பக்கவாட்டில் விழும்படி பிடித்தால், மை இல்லாத இடத்தில் உருவத்தின் தழும்பு தெரியும். உண்மையாகவே உருவம் அச்சாகாது விடுபட்ட தாளில் அத்தழும்பு இராது. பின்னணிக் கோடுகளும் தம் முழு நிறத்தோடு விளங்கும். சவர்க்காரத் தூளிலே தோய்த்த தாளை ஊதாக்கடந்த ஒளியில் வைத்தால் வேட்டிபோல் நீலமாக ஒளிரும். பருத்திக் கடதாசி தன்னியல்பில் அவ்வாறு ஒளிராது.

1998 பெப்ரவரி 4இல், சுதந்திரத்தின் ஐம்பதாம் ஆண்டு நினைவாக அவுஸ்திரேலியாவில் அச்சிட்டு வெளிவந்த 200 ரூபா, கடதாசியன்று, பிளாஸ்டிக். அதற்கு இந்தச் சோதனைகள் பல பொருந்தா. மடித்த இடத்தில் மை உதிர்ந்து வெறுமையாகும். மின்னழுத்தியால் தேய்த்தால் தாளே சுருங்கிக் குழந்தைத் தாளாகிவிடும். சிறுத்துப்போன ஒன்றை யாராவது அளவுப் பிழை என்று காட்டினால், வீட்டில் துணி தேய்ப்பவர் யார் என்று கேளுங்கள்.

இதிலே விளையாட்டில்லாத பக்கமும் இருக்கிறது. வேண்டுமென்றே சிதைத்த, மாற்றிய, கிறுக்கிய தாள்களுக்கு 2017 டிசம்பர் 31க்குப் பின்னர் பெறுமதி வழங்கப்படமாட்டாது என்று மத்திய வங்கி அறிவித்தது. வழக்கிலிருக்கும் தாளைத் தூளிலே தோய்த்து அரும்பொருளாக்க முயல்பவர் அதன் முகப்பெறுமதியையும் இழக்கிறார். பழந்தாளை அவ்வாறு செய்தாலோ, நூறாண்டுச் சாட்சி ஒன்றின் வாயை அடைத்தவராகிறார். இவ்விரண்டில் எனக்கு நெஞ்சை உறுத்துவது இரண்டாவதே.

கடைசியாக அண்மையில் நடந்த ஒன்று. ஊர்காவற்றுறையைச் சேர்ந்த என் பழைய மாணவர் ஒருவர், பாட்டனாரின் றங்குப்பெட்டியிலிருந்து எடுத்த சில பத்து ரூபாத் தாள்களோடு வந்தார். மகாராணியின் உருவம் தாங்கிய 1950களின் தாள்கள். அவற்றுள் ஒன்றில் இரண்டு தொடரிலக்கங்களுள் ஒன்று இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் அதற்கு நல்ல விலை பேசியிருந்தார். மழைக்குமுன் வீட்டுக் கூரையை மாற்ற அப்பணம் உதவும் என்று மாணவர் நம்பியிருந்தார். நான் தாளை யன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். இலக்கம் இருக்கவேண்டிய இடத்திலே நார் எழும்பிப் பஞ்சுபோல் நின்றது. அங்கே பின்னணிக் கோடுகளும் மெலிந்திருந்தன. தாளின் பின்புறத்தில் இலக்கங்களின் அழுத்தம் இன்னும் கிடந்தது. “தம்பி, இலக்கம் இங்கே இருந்திருக்கிறது. அழிறப்பரால் தேய்த்திருக்கிறார்கள்” என்றேன். சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லைதான். நெடுந்தீவிலே காற்றில் பறந்த மூன்று சதத்தை நினைத்துக்கொண்டே இரண்டுமுறை பார்த்த பின்னரே சொன்னேன்.

அவர் வாட்டத்தோடு மற்றத் தாள்களைச் சேர்த்து எடுத்தார். அவற்றுள் ஒன்று ஒரு மூலையில் சுருக்கு விழுந்து கோணலாய் இருந்தது. அதனை மின்னழுத்தியால் நேராக்க எண்ணியிருந்ததாகச் சொன்னார். நான் அதை வாங்கி, நகத்தால் மெல்லச் சுருக்கை விரித்தேன். நூலளவு வெள்ளைக் கோடு ஒன்று விரிந்தது. அதன் இருபுறமும் சித்திரக்கோடுகள் துல்லியமாக விலகி நின்றன. இலக்கத்தின் ஓர் எண்ணும் அந்தக் கோட்டால் இரண்டாகப் பிளந்திருந்தது. கடதாசி மடிந்தபின்னரே அனைத்தும் அதன்மேல் விழுந்திருக்கின்றன. இதனைத் தேய்க்கவும் வேண்டாம், அவசரப்பட்டு விற்கவும் வேண்டாம், அறிந்தவர் இருவருக்காவது காட்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். அதன் விலை என்ன என்று கேட்டார். அது என் தொழிலன்று என்றேன்.

இலக்கம் அழிந்த தாளை மேசையிலேயே விட்டுவிட்டுப் புறப்படப் போனவர், வாசல்வரை சென்று திரும்பி வந்தார். அதனை எடுத்து வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தார். பாட்டனாரின் கடையிலே, மேசைக்கடியில் இருந்து, புதிதாக வாங்கித் தந்த அழிறப்பரை எதிலே தேய்ப்பது என்று தெரியாமல் ஏதோ ஒரு காசில் தேய்த்ததும், அதற்காக அடி வாங்கியதும் இப்போதுதான் நினைவுக்கு வருகிறது என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தத் தாளைச் சட்டைப்பையில் தனியாக வைத்துக்கொண்டு போனார்.